வசையும் பகிடியும்: வெம்பிளியில் ஒருவர், கொழும்பில் ஒருவர்

வன்னியில் உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டி பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி தெரியும். ஆட்டம் சமநிலையில் முடிந்து பெனால்டிக்குப் போனதும், நாலு பக்கமும் சிதறி நின்ற சனம் முழுவதும் ஒரு பக்கக் கோல் கம்பத்தடிக்கு ஓடிவரும். மோட்டார் சைக்கிள் சீற்றில் ஏறி நிற்பவர்கள், தகப்பனின் தோளில் இருக்கும் பிள்ளைகள், கோட்டுக்குள் வராதீர்கள் என்று இரண்டு கையையும் விரித்துத் தள்ளும் மத்தியஸ்தர். ஒலிபெருக்கியில் உதைக்கப் போகிறவனின் பெயர் வரும். பிறகு கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இராது.

பல வருடங்களுக்கு முன், வவுனியாவில் ஒரு குளக்கட்டோரத்து மைதானத்தில் அப்படி ஒரு இறுதிப் போட்டி. எங்கள் பக்கத்தின் ஐந்தாவது உதை பதினெட்டு வயதுத் தம்பி ஒருவனுக்கு. பந்தை வைத்தான், எடுத்தான், புல்லைக் காலால் தட்டிவிட்டுத் திரும்ப வைத்தான். ஓடிவந்து உதைத்த பந்து கம்பத்துக்கு மேலால் போய், குளக்கட்டையும் தாண்டித் தண்ணீரில் விழுந்தது. "பந்து குளத்துக்கு, கிண்ணம் அடுத்த ஊருக்கு" என்றார் அறிவிப்பாளர். எல்லோரும் சிரித்தோம். தோற்ற கவலைக்கு அந்தச் சிரிப்பு மருந்தாகக்கூட இருந்தது. ஒருவரும் அவனை ஏசவில்லை, அடிக்கப் போகவில்லை. ஆனால் அந்தக் கிழமையிலிருந்து அவன் பெயர் 'குளத்தான்'. நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். அடுத்த வருடம் அவன் ஜேர்சி போடவில்லை. கேட்டதற்கு "வேலை இருக்கு அண்ணை" என்றான்.

அவனை மனதில் வைத்துக்கொண்டுதான், உலகம் பார்க்க இறுதிப் போட்டியில் தடுமாறிய இரண்டு இளைஞர்களை இங்கே அருகருகே வைத்துப் பார்க்கிறேன். ஒருவர் திருநெல்வேலியில் பிறந்த கிரிக்கெட் வீரர் விஜய் சங்கர். மற்றவர் லண்டனில் பிறந்த உதைபந்தாட்ட வீரர் புகாயோ சாகா. விளையாட்டு வேறு, நாடு வேறு. நான் பார்க்க விரும்புவது அவர்களுடைய ஆட்டத்தை அல்ல, அதன் பிறகு ரசிகர்கள் அவர்களுக்குச் செய்ததை.

முதலில் கொழும்பு. 2018 மார்ச் 18, ஞாயிற்றுக்கிழமை இரவு, ஆர். பிரேமதாச மைதானத்தில் சுதந்திரக் கிண்ண இறுதிப் போட்டி. இந்தியாவும் பங்களாதேஷும் மோதின. இரண்டு நாள் முன்னர்தான் இலங்கையை வென்ற பங்களாதேஷ் வீரர்கள் நாகப்பாம்பு நடனம் ஆடியிருந்தார்கள். உடைமாற்றும் அறைக் கண்ணாடி நொறுங்கிய கதையும் நாடு முழுக்கப் பரவியிருந்தது. அந்தக் கோபத்தில் இலங்கை ரசிகர்கள் இந்தியாவுக்குக் கைதட்டினார்கள். வவுனியாவில் நாங்கள் பார்த்த கடையிலும் அதே நிலைதான். தமிழ்நாட்டுப் பெடியன்கள் மூவர் ஆடுகிறார்கள் என்பது எங்களுக்கு மேலதிக உற்சாகம். தமிழ் ரசிகர்கள் முகநூலில் எழுதிய வேகத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. கண்டிக் கலவரத்தை அடுத்து அரசு முடக்கியிருந்த முகநூல், அந்தப் போட்டிக்கு மூன்று நாள் முன்னர்தான் திறந்திருந்தது.

பங்களாதேஷ் 166 ஓட்டங்கள். இந்தியா துரத்தியது. 18ஆவது ஓவரை முஸ்தபிசுர் ரகுமான் வீசினார். விஜய் சங்கர் துடுப்பை வீசினார், பந்து படவில்லை. மறுபடி வீசினார், மறுபடி படவில்லை. தொடர்ந்து நான்கு பந்துகள். ஐந்தாவதில் காலில் பட்டு ஒரு ஓட்டம். ஆறாவது பந்தில் மனிஷ் பாண்டே ஆட்டமிழந்தார். அந்த ஓவரில் துடுப்பால் வந்தது பூச்சியம். கடையில் இருந்த பெரியவர் ஒருவர் தலையில் கைவைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

12 பந்துகளில் 34 வேண்டியிருந்தபோது உள்ளே வந்தார் தினேஷ் கார்த்திக். 19ஆவது ஓவரில் 22 ஓட்டங்கள். கடைசிப் பந்தில் 5 வேண்டியிருக்க, சௌமியா சர்க்காரின் பந்தை எக்ஸ்ட்ரா கவருக்கு மேலால் ஆறாக அடித்தார். 8 பந்துகளில் 29. சுப்பர் ஓவர் வரலாம் என்று காற்காப்பு கட்டப் போன அணித்தலைவர் ரோகித் சர்மா அந்த அடியைப் பார்க்கவே இல்லை என்று பிறகு சொன்னார்.

இந்தியா வென்றது. ஆனால் விஜய் சங்கருக்கு அன்றிரவு நிம்மதி கிடைக்கவில்லை. 19 பந்துகளில் 17 ஓட்டங்கள். மறுநாள் விடிவதற்குள் எங்கள் கைபேசிகள் நிறையப் பகிடிப் படங்கள். வடிவேலுவின் முகத்தோடு பல. வென்ற அணியின் வீரர் ஒருவர் தோற்றவரைப்போல நக்கலடிக்கப்பட்டார். அதிலும் ஒரு விடயத்தை அநேகமானோர் மறந்துவிட்டார்கள். கடைசி ஓவரின் நான்காவது பந்தில் விஜய் சங்கர் ஒரு நான்கு அடித்தார். அந்த நான்கு இல்லாவிட்டால், கார்த்திக்கின் ஆறு விழுந்தும் இந்தியா தோற்றிருக்கும்.

இனி லண்டன். 2021 யூலை 11, வெம்பிளி. ஐரோப்பியக் கிண்ண இறுதிப் போட்டியில் இங்கிலாந்தும் இத்தாலியும் 1-1. பெனால்டி. இங்கிலாந்தின் மூன்றாவது உதையை மார்கஸ் ரஷ்போர்ட் கம்பத்தில் அடித்தார். நான்காவதான ஜேடன் சாஞ்சோவின் உதையைக் காப்பாளர் தடுத்தார். இத்தாலியின் ஐந்தாவதும் தடுக்கப்பட, 3-2 என்ற நிலையில் இங்கிலாந்துக்கு ஒரே ஒரு உதை மிச்சம். அதை எடுக்க நடந்து வந்தவர் சாகா. வயது 19. அதற்கு முன் பெரியவர்களுக்கான போட்டிகளில் அவர் ஒரு பெனால்டிகூட எடுத்ததில்லை. இத்தாலியின் காப்பாளர் தொன்னரும்மா இடப்பக்கம் பாய்ந்து பந்தைத் தட்டிவிட்டார்.

பெனால்டியை நாங்கள் 'உறுதியான கோல்' என்றுதான் நினைக்கிறோம். 11 மீற்றர், முன்னால் ஒரே ஒருவர். ஆனால் நோர்வே ஆய்வாளர் கெயிர் ஜோர்டெட் பெரிய போட்டிகளின் பெனால்டிகளை எண்ணிப் பார்த்திருக்கிறார். இதை அடித்தால் வெற்றி என்ற உதைகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் கோலாகின்றன. இதை விட்டால் தோல்வி என்ற உதைகளில் பத்தில் ஆறளவுதான். தூரம் அதே, காப்பாளர் அதே. உதைப்பவனின் மனதில் ஓடும் எண்ணம் மட்டும்தான் மாறுகிறது. சாகாவுக்குக் கிடைத்தது அந்த இரண்டாவது வகை உதை.

அதன் பிறகு வந்தது பகிடி அல்ல. மூவரும் கறுப்பினத்தவர்கள் என்பதைக் குறிவைத்து இன வசை கொட்டியது. ஆராய்ந்த பொலிசார் 207 பதிவுகளைக் குற்றமெனக் கண்டார்கள். 11 பேரைக் கைது செய்தார்கள். மான்செஸ்டரின் விதிங்டனில் ரஷ்போர்டின் சுவரோவியத்தை யாரோ அசிங்கப்படுத்தினார்கள். ஏழைப் பிள்ளைகளுக்குப் பாடசாலைச் சாப்பாடு வேண்டும் என்று அவர் போராடியதற்காக வரையப்பட்ட ஓவியம் அது. பந்தை உதைத்த அந்தக் கணத்திலேயே, என்ன மாதிரியான வெறுப்பு தன்னை நோக்கி வரப்போகிறது என்று தனக்குத் தெரிந்துவிட்டதாகச் சாகா எழுதினார். பத்தொன்பது வயதுப் பிள்ளைக்கு அது முன்கூட்டியே தெரிந்திருந்தது என்பதை நினைக்க எனக்கு இன்றும் நெஞ்சு கனக்கிறது.

இதுவரை பார்த்தால் சாகாவுக்கு நேர்ந்தது பெரிய கொடுமை, விஜய் சங்கருக்கு நேர்ந்தது சின்னக் கேலி. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் அடுத்து நடந்தவற்றையும் அடுக்கிப் பார்த்தபோது என் கணக்கு மாறியது.

இங்கிலாந்தில் அந்த வசை வந்த மறுநாளே சனம் எழும்பிவிட்டது. விதிங்டன் சுவரில் சிறுபிள்ளைகள் காகிதத்தில் இதயம் வெட்டி ஒட்டினார்கள், கடிதம் எழுதி ஒட்டினார்கள். அசிங்கம் தெரியாதபடி சுவரே மறைந்தது. பயிற்றுநர் காரெத் சவுத்கேட், யார் உதைப்பது என்று முடிவெடுத்தவன் நான், பொறுப்பு எனக்கே என்று எல்லோருக்கும் முன்னால் சொன்னார். ஓகஸ்ட் 8ஆம் திகதி, சாகாவின் ஆர்சனல் கழகம் தன் பரம எதிரியான டொட்டன்ஹாமின் மைதானத்தில் ஒரு சிநேகபூர்வ ஆட்டம் ஆடியது. அங்கே எதிரணி ரசிகர்கள் எழுந்து நின்று சாகாவுக்குக் கைதட்டினார்கள். அந்த இரண்டு கழகத்தாரின் பகையை அறிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று விளங்கும்.

விஜய் சங்கருக்கு யாரும் சுவரில் இதயம் ஒட்டவில்லை. ஒட்டவேண்டிய தேவை இருப்பதாகவே யாருக்கும் தோன்றவில்லை. பகிடிதானே என்று விட்டுவிட்டோம். கார்த்திக்குக்கு முன்னால் அவரை ஆடச் சொல்லி அனுப்பியது அணித்தலைவரின் முடிவு. சாகாவை ஐந்தாவதாக நிறுத்தியதும் அப்படிப் பயிற்றுநரின் முடிவுதான். அங்கே முடிவெடுத்தவரிடம் நாடு கேள்வி கேட்டது. இங்கே பெடியனைப் பார்த்துச் சிரித்தோம்.

இரண்டு பேரும் மீண்டு வந்தார்கள். 2019 மார்ச் 5, நாக்பூரில் அவுஸ்திரேலியாவுக்கு எதிரான ஒருநாள் போட்டி. கடைசி ஓவரில் 11 ஓட்டங்களைக் கொடுக்காமல் காக்கவேண்டும். பந்து விஜய் சங்கரின் கையில். அதுவரை அவர் வீசியது ஒரே ஒரு ஓவர், அதிலும் 13 ஓட்டங்கள் போயிருந்தன. முதல் பந்திலேயே ஸ்டொய்னிஸ் ஆட்டமிழந்தார். மூன்றாவது பந்தில் சம்பாவின் விக்கெட் சரிந்தது. 8 ஓட்டங்களால் வெற்றி. இந்தியாவின் 500ஆவது ஒருநாள் வெற்றி அது. துடுப்பாட்டத்திலும் அன்று 46 ஓட்டங்கள் எடுத்திருந்தார்.

சாகாவும் அப்படித்தான். 2024 யூலை 6, டுசல்டோர்ப் நகரில் சுவிட்சர்லாந்துக்கு எதிரான ஐரோப்பியக் கிண்ணக் காலிறுதி. 80ஆவது நிமிடத்தில் அணியைச் சமநிலைக்குக் கொண்டுவந்த கோல் அவருடையது. பெனால்டிக்குப் போனபோது மூன்றாவது உதையை எடுக்கத் தானே போனார், கோலாக்கினார். இங்கிலாந்து 5-3.

வேறுபாடு இதற்குப் பிறகுதான் தெரிகிறது. சாகாவின் அந்த உதை வலைக்குள் போனபோது, மூன்று வருடமாக அதற்காகவே காத்திருந்தவர்களைப்போல ரசிகர்கள் கொண்டாடினார்கள். 2021இன் கதை அங்கே ஒரு முடிவுக்கு வந்தது. விஜய் சங்கருக்கு நாக்பூர் அப்படி எதையும் முடித்துக் கொடுக்கவில்லை. ஒரு மாதம் கழித்து உலகக் கிண்ண அணியில் அவரைச் சேர்த்த தேர்வுக்குழுத் தலைவர், துடுப்பாட்டம், பந்துவீச்சு, களத்தடுப்பு என்று மூன்று பரிமாணமும் உள்ளவர் என்றார். பாராட்டாகச் சொன்னதுதான். இடம் கிடைக்காத அம்பதி ராயுடு, போட்டிகளைப் பார்க்க முப்பரிமாணக் கண்ணாடி வாங்கியிருப்பதாக எழுத, 'திரீ டி' என்பது விஜய் சங்கரின் பட்டப்பெயராகிவிட்டது. மான்செஸ்டரில் பாகிஸ்தானுக்கு எதிராக உலகக் கிண்ணத்தில் தான் வீசிய முதல் பந்திலேயே இமாம் உல் ஹக்கை வீழ்த்தினார். பிறகு கால்விரல் காயத்தோடு நாடு திரும்பினார். அந்த முதல் பந்து எத்தனை பேருக்கு ஞாபகம்? 'திரீ டி' எல்லோருக்கும் ஞாபகம்.

ஏன் இப்படி? வசை அசிங்கமானது. அதைக் கேட்டவனுக்கு வெட்கம் வரும், வெட்கப்பட்ட ஊர் அதைக் கழுவ வெளிக்கிடும். பகிடியைக் கேட்டவனுக்குச் சிரிப்பு வரும். சிரித்தவன் தான் ஒரு பிழையும் செய்ததாக நினைக்க மாட்டான். பிழை என்று ஒன்று இல்லாத இடத்தில் மன்னிப்பும் இல்லை, திருத்தமும் இல்லை. அதனால் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டு நின்றுவிடுகிறது. சாகா பட்ட காயம் ஆழமானது, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. இன வெறுப்பையும் நக்கலையும் ஒரே தராசில் வைக்கவும் மாட்டேன். ஆனால் ஊர் எழுந்து நின்று ஆற்றியது அந்தக் காயத்தைத்தான். சின்னக் காயம் என்று விட்டதைத்தான் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

இங்கிலாந்திலும் பகிடி இப்படித்தான் ஒட்டும் என்பதற்குச் சவுத்கேட்டே சாட்சி. 1996 யூன் 26, பழைய வெம்பிளியில் ஜேர்மனிக்கு எதிரான அரையிறுதியில் பெனால்டியைத் தவறவிட்டவர் அவர். அன்று அவருடைய தோல்வி நாட்டின் நகைச்சுவையானது. அதே வருடம், தலையில் கடதாசிப் பையைப் போட்டுக்கொண்டு ஒரு பீட்சா விளம்பரத்திலும் நடித்தார். கால் நூற்றாண்டு கழித்து அணியையே இறுதிப் போட்டிவரை கொண்டுவந்த பின்னும், பெனால்டி என்றால் அவர் பெயரைத்தான் எழுதினார்கள். சாகாவை முதலில் கட்டியணைத்தவர்களில் ஒருவர் அவர் என்பதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

பகிடி இல்லாமல் எங்கள் மைதானம் இல்லை என்று நண்பர்கள் சொல்வார்கள். உண்மைதான். சண்டைக்குப் பிறகு மீளக் குடியேறிய ஊர்களில் சனத்தை முதலில் ஒன்றாகச் சிரிக்க வைத்த இடங்களில் மைதானமும் ஒன்று. அந்தச் சிரிப்பை நானும் இழக்க விரும்பவில்லை. ஆனால் எங்களுடைய ஊரில் பட்டப்பெயர் என்பது பாடசாலையோடு முடிவதில்லை. கடையில், பேருந்தில், கலியாண வீட்டில், கடைசியில் பெண்சாதி பிள்ளைகளின் முன்னாலும் அதே பெயர்தான். லண்டனில் இருக்கும் சாகாவுக்குத் தன்னைத் தெரியாதவர்கள் ஏசினார்கள். எங்கள் தம்பிக்கு அந்தப் பெயரை வைத்தவர்கள் அவனைத் தூக்கி வளர்த்தவர்கள்.

போன வருடம் அவனைச் சந்தையில் கண்டேன். கையில் ஆறேழு வயது மகன், நெஞ்சில் ஆர்சனல் சின்னம் போட்ட சட்டை. வாய் தவறிப் பழைய பெயர் வந்துவிடப் பார்த்தது. அடக்கிக்கொண்டு அவனுடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். நின்று, திரும்பி, யார் என்று பார்த்தான். அவ்வளவு காலம் அந்தப் பெயரை நான் சொல்லாமல் இருந்திருக்கிறேன்.

இந்த வருடமும் எங்கள் கழகங்களின் இறுதிப் போட்டிகள் வரும், ஏதாவது ஒன்று பெனால்டிக்குப் போகும், யாரோ ஒரு பெடியன் தவறவிடுவான். ஒலிவாங்கியைப் பிடித்திருக்கும் அறிவிப்பாளர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். பந்து எங்கே போனாலும், அவன் திரும்பி நடந்து வரும்போது தாய் தகப்பன் வைத்த பெயரைச் சொல்லி அவனுக்கு ஒரு கைதட்டுக் கேளுங்கள்.