யாருக்கு வரும் அந்தக் கடிதம்?

டெங்கில் பக்கம் யாராவது காடியைக் கடைக்குள் ஏற்றிவிட்டால் ஊர் ஒரே தீர்ப்புதான் சொல்லும்: "பிரேக்குக்குப் பதிலா எண்ணெய்ய அழுத்திட்டாரு." ஓட்டியவர் வயதானவர் என்றால் விசாரணை அங்கேயே முடிந்தது. பல நேரம் அந்தத் தீர்ப்பு சரியாகவும் இருக்கும். ஆனால் வாகனப் பாதுகாப்பின் வரலாற்றைப் பார்த்தால், தவறு ஓட்டுநர் மேலா, இயந்திரத்தின் மேலா என்ற கேள்வி அவ்வளவு சீக்கிரம் முடிந்துபோவதில்லை.

1986 நவம்பரில் அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சி, ஆவ்டி 5000 ரகக் காடிகள் தானாகவே சீறிப் பாய்வதாக ஒரு நிகழ்ச்சி ஒளிபரப்பியது. அதில் காட்டப்பட்ட காடியில் முன்கூட்டியே வேலை செய்து வைத்திருந்தார்கள் என்பது பிறகுதான் வெளியே வந்தது. அதற்குள் ஆவ்டியின் அமெரிக்க விற்பனை சரிந்துவிட்டது. 1989இல் அரசின் ஆய்வறிக்கை, பெரும்பாலான சம்பவங்களில் ஓட்டுநர்கள் பெடலை மாற்றி மிதித்திருக்கிறார்கள் என்றது. சில காடிகளில் இன்ஜின் சட்டென்று வேகமெடுத்து ஓட்டுநரைத் திடுக்கிட வைத்திருக்கலாம் என்பதும் அதே அறிக்கையில் இருந்தது. எனக்கு முக்கியமாகப் படுவது தீர்ப்பு அல்ல, தீர்வு. பிரேக்கை மிதித்தால்தான் கியர் 'பி'யிலிருந்து நகரும் என்ற பூட்டு வந்தது. இன்று நாம் ஓட்டும் ஆட்டோ காடிகளில் அது சாதாரணம். தவறு மனிதனுடையது என்று சொன்ன பிறகும் இயந்திரத்தைத்தான் திருத்தினார்கள்.

அடுத்தது டொயோட்டா. 2009 ஆகஸ்டில் சான் டியாகோ அருகே ஒரு லெக்சஸ் நிறுத்த முடியாமல் ஓடி நான்கு பேர் இறந்தார்கள். தரைவிரிப்பில் பெடல் சிக்கியது ஒரு காரணம் என்றார்கள். மிதித்த பெடல் மேலே வராமல் ஒட்டிக்கொள்ளும் கோளாறு அடுத்துத் தெரியவந்தது. இலட்சக்கணக்கான காடிகள் திரும்ப அழைக்கப்பட்டன. 2010 பிப்ரவரியில் நிறுவனத்தின் தலைவர் அகியோ டொயோடா அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் வந்து மன்னிப்புக் கேட்டார். நாசா பொறியாளர்கள் பல மாதம் ஆராய்ந்து, மின்னணுக் கோளாறுக்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்று 2011இல் அறிக்கை தந்தார்கள். 2013இல் ஓக்லஹோமா நீதிமன்றத்தில் மென்பொருள் நிபுணர்கள் வேறு மாதிரி சாட்சி சொன்னார்கள். ஜூரி டொயோட்டாவுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 2014 மார்ச்சில், வாடிக்கையாளர்களிடம் உண்மையை மறைத்ததற்காக 120 கோடி டாலர் கட்ட டொயோட்டா ஒப்புக்கொண்டது. மின்னணுக் கோளாறு பற்றிய வாதம் இன்றைக்கும் முழுசாகத் தீரவில்லை. ஆனால் சண்டை போட அங்கே ஒரு மேடை இருந்தது: 1966இல் வந்த சட்டம், அதை நடத்த ஒரு துறை, கேள்வி கேட்க நாடாளுமன்றம், கேட்டுத் தீர்ப்புச் சொல்ல ஜூரி.

அந்தத் தொகைக்கு டொயோட்டா ஒப்புக்கொண்ட நான்காவது மாதம், 2014 ஜூலையில், சரவாக்கின் சிபு நகரில் ஒரு சந்திப்பில் இரண்டு காடிகள் மோதின. 2003ஆம் ஆண்டு ஹோண்டா சிட்டியை ஓட்டிய கர்ப்பிணிப் பெண் இறந்தார். அறுவை செய்து எடுக்கப்பட்ட குழந்தையும் சில நாளில் இறந்தது. மோதலின் வேகம் ஆளைக் கொல்லும் வேகம் இல்லை. கொன்றது ஏர்பேக். ஸ்டியரிங்குக்குள் இருந்த உலோகக் குப்பி வெடித்து, அதன் துண்டு கழுத்தில் பாய்ந்தது. தக்காத்தா ஏர்பேக்கால் அமெரிக்காவுக்கு வெளியே பதிவான முதல் மரணம் அதுதான். நவம்பரில் ஹோண்டா அதை அறிவித்து, அமெரிக்காவுக்கு வெளியே மேலும் சுமார் 1,70,000 காடிகளைத் திரும்ப அழைத்தது.

ஏன் வெடித்தது? ஏர்பேக்கை ஊத வைக்கும் வாயுவுக்காகத் தக்காத்தா பயன்படுத்தியது அம்மோனியம் நைட்ரேட். விலை குறைவு. தோட்டத்தில் உரம் போட்டவர்களுக்கு இந்த வகை உப்புகளின் குணம் தெரியும். மூட்டையைத் திறந்து வைத்தால் ஈரத்தை இழுத்துக் கட்டி தட்டிவிடும். ஈரத்தை உறிஞ்ச ஒன்றும் வைக்காத குப்பிகளில், வருடக்கணக்கான புழுக்கமும் வெப்ப ஏற்ற இறக்கமும் அந்த வில்லைகளைச் சிதைக்கின்றன. அப்புறம் தீப்பிடிக்கும்போது அளவுக்கு மீறிய வேகத்தில் எரிகின்றன. அழுத்தம் தாங்காமல் குப்பி உடைகிறது. அமெரிக்க அரசின் துறை 2016இல் இதை உறுதிப்படுத்தி, ஈரப்பதம் அதிகமுள்ள ஃபுளோரிடா, ஹவாய் போன்ற இடங்களை முதல் வரிசையில் வைத்தது. நம் நாட்டில் அப்படித் தனியாக ஒரு வரிசை பிரிக்க வழியில்லை. வருடம் முழுக்க நாடு முழுக்க அந்த வானிலைதான்.

2016 ஏப்ரலில் சபாவிலும் மே மாதம் கெடாவிலும் ஹோண்டா சிட்டி ஓட்டுநர்கள் இறந்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் மலேசியக் கணக்கு ஐந்தானது. அவற்றில், திரும்ப அழைக்கும் பட்டியலில் இருந்தும் பாகம் மாற்றப்படாத காடிகளும் உண்டு. தக்காத்தா 2017 ஜனவரியில் சோதனை முடிவுகளைத் திரித்ததை ஒப்புக்கொண்டு, ஜூனில் திவாலானது.

இங்கேதான் என் கேள்வி. பாகம் இலவசம், கூலியும் இலவசம். பின்னே ஏன் காடி வரவில்லை? திரும்ப அழைப்பு என்பது கடைசியில் ஒரு கடிதம். பதிவேட்டில் உள்ள பெயருக்கும் முகவரிக்கும் அது போகும். 2003இல் புதிதாக வாங்கியவர் அதை எப்போதோ விற்றிருப்பார். பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து அந்தக் காடி மூன்றாவது, நான்காவது கையில் இருக்கும். 'சம்போங் பாயார்' என்று கிரானில் பெயர் மாற்றாமலே அடுத்தவர் கடனைக் கட்டி ஓட்டுகிற பழக்கமும் நம்மிடையே உண்டு. சட்டப்படி தவறுதான். ஆனால் முன்பணம் இல்லாதவனுக்கு அதுதான் காடி. முகவரியும் அப்படித்தான். பிராங் பெசார் தோட்டம் புத்ராஜெயாவானபோது அங்கிருந்த குடும்பங்கள் டெங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்கு வந்தன. தோட்டம் விட்டுத் தாமான், தாமான் விட்டு வாடகை வீடு என்று நகர்ந்த சனத்தைப் பதிவேடு துரத்திப் பிடிப்பதில்லை. அந்தக் காடிக்கு வேலை செய்வது நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரும் இல்லை, ரோட்டோரப் போர்மேன். அவரிடம் பட்டியல் இருக்காது.

கடிதம் போதாது என்று மற்ற நாடுகள் கண்டுகொண்டன. ஆஸ்திரேலியா 2018 பிப்ரவரியில் கட்டாயத் திரும்ப அழைப்பை அறிவித்து, 2020 முடிவைக் கெடுவாக வைத்தது. மாற்றாத காடிகளின் பதிவை அங்குள்ள மாநிலங்கள் ரத்து செய்தன. ஜப்பான் 2018 மே முதல், ஆபத்தான குப்பியுள்ள காடிகளுக்குக் கட்டாயப் பரிசோதனைச் சான்றிதழைக் கொடுப்பதில்லை என்று முடிவெடுத்தது. இரண்டும் பிடித்தது உரிமையாளரை இல்லை, காடியை. நம்மிடமும் அப்படி ஓர் இடம் இருக்கிறது. யார் பெயரில் இருந்தாலும், யார் ஓட்டினாலும், காப்புறுதியும் ரோட் டேக்ஸும் எடுக்க ஒருவர் வந்துதான் ஆகணும். அந்த நேரத்தில் சேசிஸ் எண்ணைத் தட்டிப் பார்த்து, கேட்க வேண்டிய கேள்வியை நேராகக் கேட்கலாம்.

அதுவரைக்கும் நாமே பார்த்துக்கொள்ள ஒரு வழி உண்டு. கிரானில் 17 எழுத்தும் எண்ணுமாக இருக்கிறது சேசிஸ் எண். நிறுவனத்தின் இணையத் தளத்தில் அதைப் போட்டால் பட்டியலில் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். உங்கள் காடி புதிதாக இருக்கலாம். அப்பாவின் பழைய காடியை, மாமாவிடமிருந்து தம்பி வாங்கிய காடியைப் போட்டுப் பாருங்கள். அவர்களுக்குத்தான் கடிதம் வந்திருக்காது.