வாளோடு வந்த ஊரில் வீடு கட்டியவர்கள்

பூந்தமல்லியில் 1653ஆம் ஆண்டு கட்டப்பட்ட பள்ளிவாசல் ஒன்று உண்டு. கோல்கொண்டாவை அப்துல்லாஹ் குதுப் ஷா ஆண்ட காலத்தில், கர்நாடகப் பகுதியைப் படைகொண்டு வென்ற மீர் ஜும்லாவின் அதிகாரியான ருஸ்தம் என்பவர் அதைக் கட்டினார். போருக்கு வந்து திரும்பிவிட எண்ணுபவன் கூடாரம் அடிப்பான். கிணறும் பள்ளியும் கட்டமாட்டான். ஆகவே, வந்தவர்களுள் சிலரேனும் இங்கேயே தங்கிவிட எண்ணினர் என்பதற்கு அந்தக் கட்டடமே போதுமான சாட்சி. வென்ற மண்ணிலும், சில வேளைகளில் தோற்ற மண்ணிலும், போர்வீரன் ஏன் மீண்டும் வந்து குடியேறுகிறான்? அவன் அங்கே எந்த முறையில் வாழலாம்? நம்முடைய வட்டாரத்தின் வரலாறும் நம்முடைய மார்க்கத்தின் வரலாறும் இவ்விரு கேள்விகளையும் சேர்த்தே எழுப்புகின்றன.

பூந்தமல்லிக்கு மேற்கே காஞ்சிபுரம் வரையுள்ள நிலம் பதினெட்டாம் நூற்றாண்டில் பெரும் இரத்தம் கண்டது. 1780 செப்டம்பரில் புள்ளலூரில் கர்னல் பெய்லியின் கம்பெனிப் படையை ஹைதர் அலியும் திப்பு சுல்தானும் முற்றாக அழித்தனர். அடுத்த ஆண்டு ஆகஸ்டில், திருவள்ளூரை அடுத்த திருப்பாச்சூர்க் கோட்டையைக் கைப்பற்றிய ஜெனரல் அயர் கூட், அதே புள்ளலூர்க் களத்தில் ஹைதரோடு மீண்டும் மோதினார். முந்தைய ஆண்டு வீழ்ந்தவர்களின் எலும்புகள் அப்போதும் அடக்கம் செய்யப்படாமல் அங்கே கிடந்தன. இரு தரப்பிலும் முஸ்லிம்கள் இருந்தனர் என்பதை நம்மவர்கள் பலர் மறந்துவிடுகின்றனர். ஆற்காட்டு நவாப் முஹம்மது அலி கம்பெனியின் நண்பர் அல்லவா?

பின்னாளில் கம்பெனி இந்தத் திருப்பாச்சூரையே தன் ஓய்வுபெற்ற ஐரோப்பியச் சிப்பாய்களுக்குக் குடியிருப்பாக்கியது. பூந்தமல்லியோ நோயுற்ற படையினர் தேறுவதற்கான இடமாயிற்று. இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் போகக் கப்பல் இருந்தும் பலர் போகவில்லை. இருபது ஆண்டுகள் தென்னிந்தியாவில் துப்பாக்கி தூக்கியவனுக்கு அங்கே யார் இருக்கிறார்கள்? மனைவி இங்கேயே பிறந்தவள், பிள்ளைகள் இங்கே வளர்ந்தவர்கள். லண்டனில் அரைவயிற்றுக்கே காணாத ஓய்வூதியம் திருவள்ளூர்ச் சந்தையில் குடும்பத்தை நடத்தப் போதும். பெரிய தத்துவம் எதுவுமில்லை. இன்று ஆவடியிலும் பட்டாபிராமிலும் மனை வாங்கி வீடு கட்டும் முன்னாள் படைவீரர்கள், இராணுவக் கேன்டீனும் மருத்துவமனையும் பிள்ளைகளின் பள்ளியும் பக்கத்தில் இருக்கின்றன என்றுதான் காரணம் சொல்வார்கள். அதில் குறை காண நமக்கு ஒன்றுமில்லை.

ஆனால் அரசுகள் இதனைக் கணக்கோடும் செய்ததுண்டு. கி.மு. 206இல் ஸ்பெயினில் கார்த்தேஜியரை வென்ற ரோமானியத் தளபதி சிப்பியோ, காயமுற்ற தன் வீரர்களை அங்கேயே இத்தாலிக்கா என்னும் ஊரில் குடியமர்த்தினார். வங்காளத்தில் கம்பெனி, உடல் தளர்ந்த சிப்பாய்களுக்குப் பாகல்பூர்ப் பகுதியில் நிலம் கொடுத்தது. அந்நிலங்கள், படை அடக்க முயன்ற மலைவாழ் மக்களின் எல்லையோரத்தில் இருந்தன. பார்வைக்கு அது நன்றிக்கடன். உண்மையில் வீரனின் வீட்டையே காவல் அரணாக்கும் உபாயம்.

இஸ்லாமிய வரலாற்றில் இந்த வினாவின் முதல் வடிவம் மக்கா வெற்றியின்போது எழுந்தது. ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு நபி (ஸல்) அவர்கள் தாம் பிறந்த ஊருக்குள் வெற்றியாளராக நுழைந்தார்கள். எங்கே தங்குவீர்கள் என்று உஸாமா (ரலி) கேட்டபோது, அகீல் நமக்கு வீடு எதையும் விட்டுவைத்திருக்கிறாரா என்னும் பொருள்பட அவர்கள் மறுமொழி கூறியதை ஹதீஸ் நூல்கள் பதிவு செய்துள்ளன. பறிபோன வீடுகளை மீட்டெடுக்க அன்று பத்தாயிரம் பேர் கொண்ட படை கையில் இருந்தது. எனினும் அவர்கள் கூடாரத்தில் தங்கினார்கள். சொந்த ஊரைக் கண்டதும் அங்கேயே இருந்துவிடுவார்களோ என்று அன்சாரிகள் கலங்கியபோது, தம் வாழ்வும் மரணமும் அவர்களோடுதான் என்று உறுதியளித்து மதீனாவுக்கே திரும்பினார்கள். ஹஜ் கிரியைகள் முடிந்தபின் முஹாஜிர்கள் மக்காவில் மூன்று நாட்களுக்கு மேல் தங்குவதற்கும் அவர்கள் இடந்தரவில்லை. பின்னர் ஸஅத் பின் அபீ வக்காஸ் (ரலி) மக்காவில் நோயுற்றபோது, தாம் துறந்து சென்ற அந்த ஊரிலேயே இறந்துவிடுவோமோ என்று அஞ்சினார். உலகின் எல்லா மனிதரும் பிறந்த மண்ணில் சாக விரும்ப, இவர் அதற்கு அஞ்சியதைப் படிக்கும்போதெல்லாம் நாம் சற்று நின்றுவிடுகிறோம். அல்லாஹ்வுக்காக விட்டதை வெற்றியின் பெயரால் திரும்ப எடுத்துக்கொள்வது அவர்களுக்குக் கூசியது.

அடுத்த தலைமுறையில் நிலை மாறிற்று. பஸராவும் கூஃபாவும் ஃபுஸ்தாத்தும் போர்வீரர்களுக்காகவே எழுந்த ஊர்கள். ஆயினும் இராக்கின் விளைநிலங்களைத் தங்களுக்குள் பங்கிட்டுத் தருமாறு வீரர்கள் கேட்டபோது கலீஃபா உமர் (ரலி) இணங்கவில்லை. உழுதவர்களிடமே நிலத்தை விட்டு, அதற்கு வரி விதித்தார். இனி வரும் தலைமுறைகளுக்கு என்ன மிஞ்சும் என்பதே அவருடைய வாதம். வீரன் அந்நாட்டில் குடியிருக்கலாம்; உழுதுகொண்டிருப்பவனை எழுப்பிவிட்டு அவன் இடத்தில் உட்கார முடியாது.

சிரியாவின் ஹிம்ஸ் நகரைப் பற்றி பலாதுரி எழுதியுள்ள செய்தி இதைவிடத் துலக்கமானது. யர்மூக் போருக்கு முன் பைஸாந்தியப் பெரும்படை நெருங்கியபோது, இனி உங்களைக் காக்க இயலாது என்று கூறி, ஹிம்ஸ் மக்களிடம் வாங்கிய வரியை முஸ்லிம்கள் திருப்பிக் கொடுத்துவிட்டனர். அந்நகரின் கிறிஸ்தவரும் யூதரும் அவர்களுடைய ஆட்சியையே விரும்புவதாகக் கூறினர் என்கிறார் அவர். அதே ஹிம்ஸில்தான், தளபதிப் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்ட காலித் பின் வலீத் (ரலி) தம் இறுதி நாட்களைக் கழித்து, 642இல் படுக்கையில் உயிர்நீத்தார் என்பது பெரும்பாலான வரலாற்றாசிரியர்களின் கருத்து. உடலெங்கும் தழும்பு தாங்கியவர், களத்தில் ஷஹீதாகும் பேறு வாய்க்கவில்லையே என்று வருந்தினார். தாம் முற்றுகையிட்ட ஊரில் ஆயுதமின்றி முதுமையடைவது அவருக்கு முடிந்ததென்றால், திருப்பிக் கொடுக்கப்பட்ட அந்த வரிப்பணத்துக்கும் அதில் பங்குண்டு என்று நாம் கருதுகிறோம்.

நமக்கு அருகிலுள்ள இலங்கையில் மலாய் முஸ்லிம்கள் இருக்கிறார்கள். டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் கண்டி அரசோடு போரிடுவதற்குப் பயன்படுத்திய வீரர்களின் வழித்தோன்றல்கள் அவர்களுள் பெரும்பகுதியினர். 1803இல் கண்டியில் சிறைப்பட்ட மலாய்த் தளபதி நூருத்தீன், கண்டி மன்னரிடம் சேவகம் செய்ய மறுத்து உயிரிழந்தார். 1873இல் இலங்கை ரைபிள் படைப்பிரிவு கலைக்கப்பட்டதும் அவர்களிற் பலர் கண்டி, குருநாகல், பதுளை, அம்பாந்தோட்டை ஆகிய ஊர்களிலேயே வாழ்ந்தனர்; காவல்துறையிலும் தோட்டங்களிலும் வேலை தேடிக்கொண்டனர். அவர்களைக் கொண்டுவந்த பேரரசுக்கு அவர்களின் தேவை முடிந்துவிட்டது. அண்டை வீட்டாருக்கோ அவர்கள் அண்டை வீட்டாராகவே நிலைத்தனர்.

நம் காலத்தில், 1975இல் முடிந்த வியட்நாம் போரில் ஈடுபட்ட அமெரிக்கர் சிலர் அங்கே திரும்பிப்போய் வாழ்கின்றனர். செலவு குறைவு என்பதற்காகப் போனவர்களும் உண்டு. சக் சியர்சி வேறு காரணத்துக்காகப் போனார். 1967-68இல் சைகோனில் இராணுவ உளவுப் பிரிவில் பணியாற்றிய அவர், 1995இல் ஹனோயில் குடியேறினார். 2001இல் குவாங் திரி மாகாணத்தில், வெடிக்காமல் மண்ணுக்குள் கிடக்கும் குண்டுகளை அகற்றும் ‘ரென்யூ’ திட்டத்தைத் தொடங்கியவர்களுள் அவரும் ஒருவர். அம்மண்ணில் கிடக்கும் குண்டுகளிற் பெரும்பாலானவை அவருடைய நாடு வீசியவை. அவற்றைத் தேடி எடுத்து வெடிக்கச் செய்பவர்கள் அம்மாகாணத்து இளைஞர்கள். அவர்களிற் பலர் போர் முடிந்த பின் பிறந்தவர்கள்.