இரண்டு எண்ணி, மூன்று கேள்வி

சிறுபோகக் கூட்டம் பார்த்தவைக்கு இந்தச் சண்டை உடனே விளங்கும். குளத்தில தண்ணி கொஞ்சம், கேட்கிற ஆக்கள் கனபேர். லினக்ஸ் இயங்குதளத்தின் கருவான கேர்ணலுக்குள்ளும் இப்படியொரு பங்குப் பிரச்சினை பல வருடம் இழுபட்டது.

ஒரு புரோகிராம் எங்கே நேரத்தை விழுங்குகிறது என்று காட்டுவதற்குப் புரோசசருக்குள் எண்ணிகள் உண்டு. 1995இல் வந்த பென்ரியம் புரோவில் அவை இரண்டே இரண்டுதான். 2002இல் கேர்ணலில் சேர்ந்த ஓபுரொஃபைல் கருவிக்கு எண்ணி வேண்டும். கேர்ணல் உறைந்துவிட்டதா எண்டு பார்க்கும் காவல் நிரலுக்கும் எண்ணி வேண்டும். ஒன்று எழுதியதை மற்றது மாற்றினால் அளவு பிழைக்கும்.

2006இல் டொன் ஸிக்கஸ் முன்பதிவு முறையொன்றைக் கொண்டுவந்தார். முதலில் பிடித்தவருக்கு எண்ணி, பிந்தி வந்தவர் வெறுங்கையோடு திரும்பவேண்டும். மோதல் குறைந்தது. ஆனால் பங்கீடு நடக்கவில்லை.

2008 டிசம்பரில் தோமஸ் கிளெய்க்ஸ்னரும் இங்கோ மோல்னாரும் வேறு வழி சொன்னார்கள். எண்ணிகளைக் கேர்ணலே வைத்திருக்கும்; கேட்கிறவர்களுக்கு முறை வைத்துக் கொடுக்கும். ஒவ்வொரு அளவும் எவ்வளவு நேரம் உண்மையில் எண்ணப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்லும். ஸ்டெபான் எரானியன் பல வருடம் உழைத்த பெர்ஃப்மொன்2 கேர்ணலுக்கு வெளியிலேயே நின்றுவிட, இந்தப் புதிய முறை 2009 செப்டெம்பரில் 2.6.31 பதிப்போடு வந்தது. 2010இல் காவல் நிரலும் இதற்கு மாறியது. 2021இல் ஓபுரொஃபைலின் கேர்ணல் பகுதி நீக்கப்பட்டது.

2009 செப்டெம்பரில் எங்கட சனம் இரண்டு லட்சத்துக்கு மேல் மெனிக் பாமிலும் வவுனியாவின் மற்ற முகாம்களிலும் இருந்தது. அந்த வருடத் தொடக்கத்தில் வன்னிக்குள் இருப்பது கிட்டத்தட்ட 70,000 பேர் என்று அரசாங்கம் சொன்னது. போர் முடிந்தபோது முகாம்களில் இருந்தவர்கள் இரண்டே முக்கால் லட்சத்துக்கும் மேல். உள்ளே போன சாப்பாடும் மருந்தும் எவ்வளவு எண்டதை அந்தச் சின்ன எண்தான் தீர்மானித்தது. எண்ணி ஒருவர் கையில் மட்டும் இருந்தது. எப்படி எண்ணினார்கள் என்று கேட்க ஆருக்கும் வழியில்லை.

கேர்ணல் எழுதினவர்களுக்கு வன்னியைத் தெரிந்திருக்கத் தேவையில்லை. ஆனாலும் அவர்கள் கண்ட தீர்வில் நாங்கள் எடுத்துக்கொள்ளக்கூடிய பழக்கம் ஒன்று இருக்கிறது. காணாமல் போனோர், காணி, மீள்குடியேற்றம் என்று எந்தக் கணக்கு எங்கள் முன் வந்தாலும் மூன்றைக் கேட்போம்: ஆர் எண்ணினது? எவ்வளவு காலம் எண்ணினது? எண்ணாமல் விட்டது எவ்வளவு?