கேட்டவுடன் வரையும் தூரிகை

இணையப் பக்கங்களில் நாம் காணும் படங்கள் இருவகைப்படும். முன்னரே வரைந்து வழங்கியில் அடுக்கி வைத்தவை ஒருவகை; நாம் கேட்ட பின்னரே வரையப்பட்டு வந்து சேர்பவை மற்றொரு வகை. வருகையாளர் எண்ணிக்கை காட்டும் எண்பலகையும், பங்குச்சந்தை வரைகோடும், கோணல் எழுத்துகளைப் படிக்கச் சொல்லி நம்மைச் சோதிக்கும் கட்டமும் இரண்டாம் வகையின. இவ்வகையின் வரலாறு முப்பதாண்டுகளைக் கடந்தது.

1993-இல் மொசைக் உலாவி எழுத்தையும் படத்தையும் ஒரே பக்கத்தில் காட்டிப் புகழ்பெற்றது. படத்தைக் கொணரும் குறி ஒரு முகவரியை மட்டுமே கேட்கும். அம்முகவரியில் இருப்பது கோப்பா, நிரலா என்று உலாவி ஆராய்வதில்லை. 'வருவது படம்' என்னும் முன்குறிப்பும், அதனைத் தொடர்ந்து படத்தின் பைட்டுகளும் வந்தால் அதற்குப் போதும். எனவே வார்ப்புருவில் கோப்பின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் நிரலின் பெயரை எழுதிவிட்டால், வார்ப்புரு ஒன்றாகவே இருக்கப் படம் மட்டும் ஆளுக்கொன்றாய் மாறும்.

ஆயினும் அந்நிரலுக்கு வரையத் தெரிய வேண்டுமே! அத்தேவையை நிறைவு செய்தது தாமஸ் பூட்டெல் 1994-இல் எழுதிய 'ஜிடி' நூலகம். நியூயார்க் மாநிலத்தின் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தில், புரதத் தரவுத்தளப் பணியின்போது, அமெரிக்க அரசின் மருத்துவ ஆய்வு நிதியில் பிறந்தது அது. புரத ஆய்வுக்கென வந்த பொருள் உலகத்தார் வீட்டு எண்பலகைகளையெல்லாம் வரைந்ததை எண்ணினால் நமக்கு நகை தோன்றுகிறது.

ஜிடி படங்களை 'ஜிஃப்' வடிவில் தந்தது. அவ்வடிவத்தை 1987-இல் வெளியிட்டது கம்ப்யூசர்வ் நிறுவனம். அதனுள் பொதிந்திருந்த எல்.இசட்.டபிள்யூ. என்னும் சுருக்கும் முறைக்கோ 1985-இலேயே காப்புரிமை வழங்கப்பட்டிருந்தது. அவ்வுரிமை யூனிசிஸ் நிறுவனத்தின் கைக்கு வந்தது. 1994 டிசம்பர் இறுதியில், ஜிஃப் உருவாக்கும் மென்பொருளுக்கு உரிமம் பெற வேண்டும் என்ற அறிவிப்பு வெளியாயிற்று. வரைந்த படத்தை அடுக்கி வைத்தவர் ஒருமுறை சுருக்கியதோடு நின்றார். கேட்குந்தோறும் வரையும் நிரலோ கேட்குந்தோறும் அம்முறையைக் கையாள வேண்டியிருந்தது. ஆதலின் இவ்வகைப் படங்களுக்கே இடர் மிகுதி.

மாற்றாக எழுந்த 'பி.என்.ஜி.' வடிவம் 1996-இல் வலைக் கூட்டமைப்பின் பரிந்துரையாயிற்று. 1999-இல் ஜிடியின் 1.6 பதிப்பு ஜிஃப்பை நீக்கிவிட்டுப் பி.என்.ஜி.யை ஏற்றது. பழைய வார்ப்புருக்களை நம்பியிருந்தோர் புதிய பதிப்பை நிறுவியதும், படம் வரவேண்டிய இடத்தில் வெற்றுக் கட்டத்தைக் கண்டனர். 2003 ஜூன் 20-இல் அமெரிக்கக் காப்புரிமை காலாவதியாயிற்று. பிற நாடுகளிலும் அடுத்த ஆண்டில் முடியவே, 2004-இல் ஜிடி ஜிஃப்பை மீண்டும் சேர்த்துக்கொண்டது.

நிற்க. தமிழ் எழுத்தை இத்தூரிகை எவ்வாறு தீட்டியது? நூலகம் பி.எச்.பி. மொழி வழியே எங்கும் பரவியிருந்த காலத்தில், ஒருங்குறித் தமிழும் பரவத் தொடங்கியிருந்தது. ஒருங்குறியில் மெய்யெழுத்துக்கு உரிய குறி முன்னும், கொம்பு பின்னுமாகச் சேமிக்கப்படும். திரையில் காட்டும்போதுதான் கொம்பு இடப்பக்கம் வரும். அவ்விடமாற்றம் ஜிடிக்குத் தெரியாது. சேமித்த வரிசையிலேயே வரைந்தமையால் 'பெயர்' என்பது 'பயெர்' ஆயிற்று. தட்டச்சுப் பொறியைப் போலக் கொம்பை முன்னே வைத்த திஸ்கி எழுத்துருவில் எழுதினால் அதே நூலகம் பிழையின்றி வரைந்தது! பழைய முறை வெல்லப் புதியது தோற்ற விந்தை இது. குற்றம் ஒருங்குறியினுடையது எனச் சிலர் கூறுவர். நாம் அதனை ஏற்பதற்கில்லை. சேமிப்பது வேறு, வரைவது வேறு. இரண்டாவதைக் கற்பிக்க ஒருவர் வேண்டியிருந்தது.

ஹார்ஃபபஸ் போன்ற எழுத்தமைப்பு நூலகங்கள் அதனைக் கற்பித்தன. எஸ்.வி.ஜி. வடிவில் எழுத்தை எழுத்தாகவே அனுப்பி, வரையும் வேலையை உலாவியிடமே விட்டுவிடுவோரும் இன்று உளர். அங்கே கொம்பு தன் இடத்தில் நிற்கிறது.