கந்தையும் ஊசியும்

பழந்துணியைக் கையால் தைத்துப் புதுக்கி உடுத்துவது இன்று நாகரிகமெனப் போற்றப்படுகிறது. பூமியைக் காக்கும் அறமென்றும் அதனைக் கூறுகின்றனர். கூற்றில் உண்மையுண்டு. ஆயினும் ஒட்டுத்துணியின் வரலாற்றை உழைப்போரின் பக்கம் நின்று நோக்குவோமாயின், அறத்திற்கு முன்னே வறுமையைத்தான் காண்போம்.

பொருநராற்றுப்படையிலே வரும் பொருநன், வியர்வையில் நனைந்து, ஈரும் பேனும் குடியிருக்க, வேற்றிழை கொண்டு தைத்த கந்தையை உடுத்தவன். கரிகாலன் அதனைக் களைந்து, பாம்பின் உரியை ஒத்த மெல்லாடை அளித்தான் எனப் பாட்டுக் கூறும். புறநானூற்றின் 136ஆம் பாடலிலும் இத்தகைய பல தையல் கொண்ட கந்தையைக் காண்கிறோம். புகார் நகரில் துணி தைத்து வாழ்ந்தோரைச் சிலப்பதிகாரம் 'துன்னகாரர்' எனக் குறிக்கின்றது. ஊசியும் கந்தையும் நமக்குப் புதியனவல்ல.

வங்கத்துப் பெண்கள் இவ்வறுமையினின்றே ஒரு கலையைப் படைத்தனர். நைந்த சேலைகளையும் வேட்டிகளையும் அடுக்கி, சேலைக் கரையிலிருந்து உருவிய வண்ண நூலைக் கோத்து, ஊசியை மேலும் கீழுமாக ஓட்டும் எளிய நூலோட்டத் தையலால் அவற்றை இணைத்தனர். இதுவே 'காந்தா'. பயன் தீர்ந்த துணி குழந்தைக்குப் போர்வையாயிற்று. இன்று பெருங்கடைகளில் விலையுயர்ந்த பொருளாக விற்கப்படும் இக்கலையை வளர்த்தவர்கள், பெரும்பாலும் பெயர் எழுதி வைக்காத வீட்டுப் பெண்களே. தமிழில் 'தையல்' என்ற ஒரே சொல் பெண்ணையும் தைக்கும் தொழிலையும் குறிக்கிறது. அத்தொழிலுக்கு வீட்டிற்குள்ளே கூலி கிடைத்ததா?

இரண்டாம் உலகப் போர் இவ்வரலாற்றின் இரு முகங்களையும் ஒருங்கே காட்டிற்று. பிரித்தானியாவில் 1941 ஜூன் முதல் 1949 மார்ச் வரை உடை பங்கீட்டில் வழங்கப்பட்டது. உள்ளதைத் திருத்தி உடுத்துமாறு 1943இல் அரசு கையேடு வெளியிட்டது. அங்கே ஒட்டுப்போடுதல் நாட்டுப்பற்றாயிற்று. அதே ஆண்டில் அவ்வரசின் ஆட்சிக்குட்பட்ட வங்கம் பஞ்சத்தில் மடிந்தது. அடுத்து வந்த துணிப் பஞ்சத்தில், மாற்றுத் துணியின்றிப் பெண்கள் வீட்டை விட்டு வெளிவர இயலாது தவித்தனர். காந்தா பிறந்த மண்ணிலே தைப்பதற்குக் கந்தையும் எஞ்சவில்லை! சிக்கனத்தை உபதேசிப்பதற்கும் இரண்டாவது சேலை ஒன்று வேண்டும் அன்றோ?

நம் கொழும்பின் கதை என்ன? கல்கிசைக்கு வடக்கே இருந்தது வெள்ளவத்தை நூல் நெசவாலை. 1933இல் அதன் தொழிலாளர் கொல்வின் ஆர். டி சில்வாவின் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தனர். நாட்டுக்குத் துணி நெய்தவர்கள் தம் கூலிக்காகத் தெருவில் இறங்க நேர்ந்தது. 1978இல் கட்டுநாயக்க ஏற்றுமதி வலயம் தொடங்கிற்று. அன்று முதல் நம் கிராமத்து இளம்பெண்கள் பொறியின் முன் குனிந்து உலகிற்கு உடை தைக்கின்றனர். அவ்வுடைகளுள் பல, சிலமுறை உடுத்தப்பட்டபின் குப்பையாகின்றன. விலை மலிவு என்கிறார்கள். மலிந்தது துணியன்று, தைத்தவளின் நேரம்.

2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின், நம் வகுப்பறைகளில் மடிப்பவிழ்த்து நீளமாக்கிய வெள்ளைச் சீருடைகளைக் காணாத ஆசிரியர் அரியர். பழைய மடிப்பின் கோடு தெரிகிறதே என்று கூசும் பிள்ளைக்கு, அது தாயின் உழைப்பின் தடம் என்று சொல்லுவோம். ஆண்பிள்ளை பெண்பிள்ளை என்ற பேதமின்றி ஊசியில் நூல் கோக்கக் கற்பிப்போம். கிழிந்ததைத் தைக்கத் தெரிந்தவனே ஒரு சட்டையில் எத்தனை உழைப்பு அடங்கியுள்ளது என அறிவான்.

ஆனால், கந்தையைக் கலையாக்கும் திறனைப் போற்றுவது வேறு. கந்தையே போதும் என்று ஏழைக்கு உபதேசிப்பது வேறு. ஒட்டுப்போடுவது ஒருவரின் விருப்பமாக இருக்கட்டும். எவருக்கும் விதியாக வேண்டாம். உலகிற்கு உடை தைப்பவள் தனக்கும் நல்லுடை வாங்கத்தக்க கூலி பெறும் நாளிலேதான் அது முற்றிலும் விருப்பமாகும்.