அஸ்பெர்கர் இயல்பினரின் தனி ஈடுபாடுகள்

அஸ்பெர்கர் இயல்பு உடையவர்களிடம், இளமை முதற்கொண்டே, ஏதேனும் ஒரு பொருளிலோ துறையிலோ மனம் முழுவதும் சென்று தங்கி, அதைப் பற்றிய செய்திகளையெல்லாம் திரட்டுவதிலும் வகைப்படுத்துவதிலும் ஞாபகத்தில் நிறுத்துவதிலும் ஓயாது முனையும் பற்று ஒன்று காணப்படுகிறது. இதனைத் தனி ஈடுபாடு என்று வழங்குவர். பேச்சு வளர்ச்சியிலும் அறிவு வளர்ச்சியிலும் குறிப்பிடத்தக்க தாமதமின்றி, பிறரோடு பழகும் முறையிலும், முகக்குறிப்பையும் தொனியையும் உணர்ந்துகொள்வதிலும், வழக்கமான ஒழுங்குகளை விடாது பற்றி நிற்பதிலும் வேறுபட்டுத் தோன்றும் ஆட்டிச வகைக்கே அஸ்பெர்கர் என்னும் பெயர் இடப்பட்டது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் 2013-ஆம் ஆண்டு வகைப்பாட்டிலும், 2022 முதல் நடைமுறைக்கு வந்த உலகச் சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டிலும் அது தனிப் பெயராக நில்லாமல் ஆட்டிச நிறமாலை என்னும் பொதுத் தலைப்பில் அடங்கிவிட்டதெனினும், முன்னரே அப்பெயரால் இனங்காணப்பட்டோரில் பலர் இன்றும் அதனாலேயே தம்மைக் குறிப்பிட்டுக்கொள்கின்றனர்.

பொழுதுபோக்கு என்பது எல்லா மனிதருக்கும் உரியதே. ஆயினும் சாதாரணப் பொழுதுபோக்கு ஓய்வான வேளையை நாடி வருவது. தனி ஈடுபாடோ உணவு வேளையையும் உறக்க வேளையையும் பாராமல் மனத்தை ஆட்கொள்வது. தபால் தலை சேர்க்கும் ஒருவர் தம் தொகுப்பைக் கண்டு நண்பர்கள் வியக்க வேண்டுமென்று விரும்புவதும், அதன் பொருட்டுச் சிலரோடு கூடிப் பழகுவதும் இயல்பு. அஸ்பெர்கர் இயல்பினர் பெரும்பாலும் அந்தப் பொருளை அந்தப் பொருளுக்காகவே விரும்புகிறார்கள். உடன் பகிர்ந்துகொள்ள ஒருவரும் இல்லாவிடினும் அந்த விருப்பம் குன்றுவதில்லை. கேட்பவர் ஒருவர் வாய்த்துவிட்டாலோ, அவர் சலித்துவிட்டாரா இல்லையா என்பதை முகத்திலிருந்து அறியமாட்டாமல், தாம் அறிந்தது முழுவதையும் ஆதியோடந்தமாக எடுத்துரைப்பார்கள். தமக்கு மிக இனியதாகிய ஒன்றைப் பிறர்க்கு வழங்குகிறோம் என்னும் நல்லெண்ணமே அப்பேச்சின் பின்னே இருப்பது என்பதை அறிந்துகொள்ளாதவர்கள், அதனைத் தற்பெருமை என்று தவறாகக் கொள்வதுண்டு.

ஈடுபாட்டின் பொருள் இன்னதுதான் என்று வரையறுத்துக் கூற இயலாது. இங்கிலாந்தின் மனநல மருத்துவரும், ஆட்டிசம் உடைய ஒரு மகளின் தாயுமாகிய லோர்னா விங், 1981-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் வானநூல், நிலநூல், நீராவி ரயிலின் வரலாறு, அரச வமிசங்களின் கொடிவழி, பஸ் கால அட்டவணை, பழங்காலத்துப் பெருவிலங்குகள், தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் பாத்திரங்கள் ஆகியவற்றை உதாரணமாகக் காட்டினார். பொருள்களைச் சேர்ப்பதும் செய்திகளைச் சேர்ப்பதும் என இரு வகையாக இவை தோற்றமளித்தாலும், இளம் வயதில் பொருளாகத் தொடங்குவது வயது ஏற ஏறச் செய்தியாக மாறுவதே பெருவழக்கு. ஒரு குழந்தை முதலில் பொம்மை ரயிலின் சக்கரத்தைத் தரையோடு தலை வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும். பின்னர் எஞ்சின்களின் எண்களை மனப்பாடம் செய்யும். வாலிபப் பிராயத்தில் சமிக்ஞை முறைகளையும் பாதைகளின் அகலத்தையும் பற்றி, அத்துறையில் வேலை பார்ப்பவரும் திகைக்கும்படி பேசும்.

இவ்வியல்பினைக் கண்டு எழுதியவர்களுள் காலத்தால் முந்தியவர் மாஸ்கோவில் பணியாற்றிய குருன்யா சுகரேவா என்னும் அம்மையார். 1926-இல் ஜெர்மன் மொழியில் வெளியான அவருடைய கட்டுரை ஆறு சிறுவர்களை விவரித்து, ஒன்றையே நாடிச் செல்லும் வலிய ஈடுபாட்டினை அவர்களுடைய லட்சணங்களுள் ஒன்றாகக் குறித்தது. எனினும் நெடுங்காலம் அதனைப் படிப்பார் இலராயினர். அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் லியோ கானர் 1943-இல் பதினொரு குழந்தைகளைப் பற்றி எழுதியபோது, அவர்களுள் முதல்வனான டொனால்டு என்பவன், இரண்டு வயது நிரம்பு முன்னரே தன் சமயத்தின் வினாவிடை நூலிலிருந்து 25 வினாக்களையும் அவற்றின் விடைகளையும் ஒப்பித்தான் என்றும், அகரவரிசையை முன்னிருந்து பின்னும் பின்னிருந்து முன்னும் கூறவல்லவனாய் இருந்தான் என்றும் பதிவு செய்தார்.

அடுத்த ஆண்டாகிய 1944-இல் வியன்னாவின் குழந்தை மருத்துவர் ஹான்ஸ் அஸ்பெர்கர் வெளியிட்ட ஆராய்ச்சியே இப்பொருளில் மிகவும் சாரம் நிறைந்தது. அதில் நான்கு சிறுவர்கள் விரிவாகவும் வேறு பலர் சுருக்கமாகவும் வருகின்றனர். 1000 தீப்பெட்டிகளைச் சேர்த்தே தீருவது என்று உறுதி பூண்டு, அந்த எண்ணிக்கையை எட்டும் பொருட்டு அயராது உழைத்த ஒரு சிறுவனை அவர் காட்டுகிறார். மற்றப் பிள்ளைகளைப்போல அந்தப் பெட்டிகளைக் கோத்து ரயில் ஓட்டி அவன் விளையாடியதை அவன் தாய் ஒருநாளும் கண்டதில்லை. இரசாயனத்தில் மனம் தோய்ந்தவனையும், நஞ்சு வகைகளிலேயே கருத்தாய் இருந்தவனையும், எண்களைத் தவிர வேறொன்றையும் நாடாதவனையும் அதே கட்டுரையில் காண்கிறோம். சிறு வயதிலேயே கணிதத்தில் ஆழ்ந்த வேறொருவனோ, பல்கலைக்கழகத்தில் வானநூல் பயிலச் சேர்ந்த சிறிது காலத்திற்குள் நியூட்டனின் நூலில் ஒரு கணிதப் பிழையை நிரூபித்துக் காட்டி, பின்னர் அத்துறையிலேயே ஆசிரியப் பதவியும் பெற்றான். தீப்பெட்டியையும் வானநூலையும் ஒரே சுபாவத்தின் இரு வெளிப்பாடுகளாக வைத்துப் பார்த்த அந்தப் பார்வை, அக்காலத்து வைத்திய எழுத்தில் அரியது என்றே சொல்ல வேண்டும்.

அப்பார்வையை மதிக்கும்போதே அந்த மனிதரின் வரலாற்றையும் மறைக்காமல் உரைப்பது கடமையாகிறது. நாஜி ஆட்சியின்போது அஸ்பெர்கர், கடுமையான ஊனமுடைய குழந்தைகள் சிலரை வியன்னாவின் அம் ஸ்பீகல்கிருண்ட் என்னும் விடுதிக்கு அனுப்பப் பரிந்துரைத்தார் என்பதை, வரலாற்றாசிரியர் ஹெர்விக் செக் 2018-இல் ஆவணங்களைக் கொண்டு நிறுவினார். அவ்விடுதியில் ஏறத்தாழ 800 குழந்தைகள் மாண்டனர். கொல்லப்பட்டவர் அவர்களுள் பலர். இச்செய்தி வெளிவந்த பின், அவர் பெயரால் தம்மைக் குறிப்பிட்டுக்கொள்ள மனம் ஒப்பாமல் ஆட்டிசம் என்ற பொதுப் பெயரையே ஏற்றுக்கொண்டவர்கள் பலர்.

அஸ்பெர்கரின் எழுத்து ஜெர்மன் மொழியில் இருந்தமையால் நெடுநாள் பரவாதிருந்தது. அதனை ஆங்கில உலகிற்கு உணர்த்தி அப்பெயரையும் நிலைநாட்டியவர் மேற்கூறிய லோர்னா விங் அம்மையாரே. முழு மொழிபெயர்ப்பை ஊட்டா பிரித் 1991-இல் வெளியிட்டார். இவ்வியல்பினர் செய்திகளை ஏராளமாகத் திரட்டினாலும் அவற்றின் அர்த்தத்தை அதிகம் உணர்வதில்லை என்பது விங்கின் கருத்து. அவர் கண்ட நோயாளிகள் அளவில் அது உண்மையாகவே இருந்திருக்கலாம்; ஆனால் ஈடுபாட்டின் வழியாகவே கணிதத்திலும் உயிரியலிலும் இசையிலும் ஆழ்ந்த தேர்ச்சி பெற்றவர்களைப் பார்க்கும்போது, அக்கருத்தினை எல்லார்க்கும் பொதுவாகக் கொள்வது பொருந்தாது என்பதே நம் துணிபு.

இத்தகைய பற்று ஏன் உண்டாகிறது என்ற கேள்விக்குப் பல விடைகள் கூறப்பட்டுள்ளன. கேம்பிரிட்ஜைச் சேர்ந்த சைமன் பாரன்-கோகனும் சாலி வீல்ரைட்டும் 1999-இல் வெளியிட்ட ஆராய்ச்சி, இக்குழந்தைகளின் ஈடுபாடுகள் தற்செயலாக எங்கெங்கோ சிதறிக் கிடப்பன அல்ல என்றும், பொருள்கள் எவ்வாறு இயங்குகின்றன என்பதை அறியும் துறைகளில் அவை மிகுந்து காணப்படுகின்றன என்றும் கண்டது. விதியும் ஒழுங்கும் உடைய எதனையும் அவர்கள் மனம் விரும்பிப் பற்றுகிறது என்பது இதன் கருத்து. ஆஸ்திரேலியாவில் பணியாற்றும் மனோதத்துவ நிபுணர் டோனி ஆட்வுட், ஈடுபாடு அவ்வவர்க்குச் செய்யும் உபகாரத்தை நோக்கினார்: அச்சத்தைத் தணிப்பது, ஆனந்தம் அளிப்பது, குழப்பமான உலகில் ஓர் ஒழுங்கைக் காட்டுவது, தாம் யார் என்ற உணர்வை நிலைநிறுத்துவது, பேச்சுக்கு ஒரு பொருளைத் தருவது என்றெல்லாம் அவர் விரித்துரைப்பார். மனிதர்களின் பேச்சும் பார்வையும் நொடிக்கு நொடி மாறி, எதிர்பாராத வகையில் வந்து தாக்கும் ஒரு பள்ளிக்கூடத்து முற்றத்தில் நாள் முழுவதும் நின்று களைத்து வீடு திரும்பும் பிள்ளைக்கு, என்றும் மாறாத கிரகங்களின் வரிசையும் உலோகங்களின் அட்டவணையும் எத்துணை ஆறுதலாக இருக்கும் என்பதை எண்ணிப் பார்த்தால், இவ்விளக்கத்தின் வலிமை புலப்படும்.

எனினும் உள்ளிருந்து பிறந்த விளக்கமே நம்மை அதிகம் கவர்வது. ஆட்டிசம் உடையவர்களாகிய டைனா முரேயும் வென் லாசனும், மைக் லெஸ்ஸர் என்பாரோடு சேர்ந்து 2005-இல் எழுதிய கட்டுரையில், கவனம் என்பது எவர்க்கும் அளவுடையதே என்றும், அதனைப் பங்கிடும் முறையில்தான் மனிதர் வேறுபடுகின்றனர் என்றும் கூறினர். பெரும்பாலோருடைய கவனம் பல வாய்க்கால்களில் பிரிந்து மெல்ல ஓடுவது. ஆட்டிசம் உடையவரின் கவனமோ ஒரே மடையின் வழியாக முழு வேகத்தோடும் பாய்வது. ஆகவேதான் ஈடுபாட்டில் மூழ்கியிருக்கும் சிறுவனைத் தாய் பெயர் சொல்லி அழைத்தாலும் அது அவன் காதில் ஏறுவதில்லை. வலிந்து எழுப்பிச் சாப்பிட அழைத்துச் சென்றால் அவன் அழுகிறான். தாயைப் புறக்கணிக்கிறான் என்றோ பிடிவாதம் செய்கிறான் என்றோ இதற்குக் காரணம் கற்பித்த தலைமுறைகளின் மேல், இவ்விளக்கத்தை அறியாத குறை மட்டுமே உண்டு. முன்கூட்டியே அறிவித்து, சிறிது அவகாசம் கொடுத்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மெல்ல மாற்றுவது பலன் தருவதாக இப்போது பெற்றோரும் உபாத்தியாயர்களும் அறிந்துகொண்டுள்ளனர்.

மனத்தை விட்டு நீங்காத எண்ணச் சுழற்சியால் வருந்தும் நோயோடு இதனைக் குழப்பலாகாது. அந்நோயாளி தம்மைத் தொல்லைப்படுத்தும் எண்ணத்தை வெறுக்கிறார். கதவு பூட்டப்பட்டதா என்று திரும்பத் திரும்பப் பார்ப்பது அவருக்கு வேதனை. தனி ஈடுபாடு உடையவரோ அதனை நாடிச் செல்கிறார். அதிலிருந்து பிரிக்கப்படுவதே அவருக்கு வேதனை. ஒருவரிடம் இரண்டும் சேர்ந்திருப்பதும் உண்டாதலால், இவ்வேறுபாட்டை ஆய்ந்தறிந்த பின்னரே வைத்தியர் மருந்து தர முற்பட வேண்டும்.

பெண் குழந்தைகளிடம் இவ்வீடுபாடுகள் காலந்தாழ்த்தே உணரப்படுகின்றன. குதிரைகள், பூனைகள், பழைய நாவல்கள், ஒரு பாடகர் அல்லது நடிகர் என இவை பிற பெண்களின் விருப்பங்களைப் போலவே தோன்றுவதால் எவரும் ஐயுறுவதில்லை. வேறுபாடு பொருளில் இல்லை, ஆழத்தில் இருக்கிறது. ஒரு நாவலின் பாத்திரங்கள் அனைவரின் பிறந்த நாளையும் உறவு முறையையும் ஏட்டில் எழுதி வைத்துக்கொண்டு, அவர்கள் பேசும் பாங்கிலிருந்தே மனிதரோடு பேசக் கற்றுக்கொண்ட பெண்கள், நடுவயது எய்திய பின்னரே தம் இயல்பை அறிந்துகொண்டதாகக் கூறும் நிகழ்ச்சிகள் பல.

பள்ளிகளில் நெடுங்காலம் இதனை ஒரு குறையாகக் கருதி ஒடுக்க முயன்றார்கள்; தண்டனையாக அந்தப் பொருளைப் பறித்து வைப்பதும் வழக்கமாயிருந்தது. இது கொடிது என்பதில் நமக்கு ஐயமில்லை. 1947-இல் பிறந்தவரும், ஆட்டிசம் உடையவரென்று அறியப்பட்டவருமான டெம்பிள் கிராண்டின், பருவ வயதில் அரிசோனாவில் தம் அத்தையின் மாட்டுப் பண்ணையில் தங்கியிருந்தபோது, தடுப்பூசிக்காக இருபுறமும் பலகையால் அழுத்திப் பிடிக்கப்படும் மாடுகள் அவ்வழுத்தத்தால் அமைதியடைவதைக் கண்டார். தாமும் அப்பலகைகளின் இடையே புகுந்து பார்த்துத் தம் ஓயாத சஞ்சலம் தணிவதை உணர்ந்து, பள்ளிக்குத் திரும்பியதும் மரப் பலகைகளால் அத்தகைய பொறி ஒன்றைத் தமக்கெனச் செய்துகொண்டார். அங்கிருந்தோர் அதனை விபரீதம் என்று கருதி அகற்ற முனைந்தபோது, கார்லாக் என்னும் விஞ்ஞான ஆசிரியர் ஒருவர் மட்டும், அழுத்தம் ஏன் அமைதி தருகிறது என்பதை நூல்களில் தேடிக் கண்டுபிடிக்குமாறு அவரைத் தூண்டினார். கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் கால்நடை விஞ்ஞானத் துறைப் பேராசிரியராக உயர்ந்த கிராண்டின் வகுத்த முறைகளின்படியே இன்று வட அமெரிக்காவின் மாடுகளில் ஏறக்குறையப் பாதி கையாளப்படுகின்றன.

ஈடுபாட்டையே பழக்கத்திற்கு வழியாக்கும் முறைகளும் தோன்றியுள்ளன. டேனியல் லெகாஃப் என்னும் மனோதத்துவ நிபுணர், தம் மருத்துவமனையின் காத்திருப்பு அறையில், பிறரோடு பேசப் பழகாத இரு சிறுவர்கள் தாங்கள் கொண்டுவந்த லெகோ கட்டைகளைக் கண்டவுடன் ஒருவரோடொருவர் ஆர்வத்துடன் பேசத் தொடங்கியதைக் கவனித்தார். வரைபடத்தைப் படித்துச் சொல்பவன், கட்டைகளைத் தேடித் தருபவன், அவற்றைப் பொருத்துபவன் என மூன்று சிறுவர்க்கு மூன்று பணிகளைப் பிரித்தளித்து, ஒருவர் உதவியின்றி மற்றவர் முடிக்க இயலாதபடி அமைத்த அவருடைய பயிற்சி முறை 2004-இல் வெளியாகி, பின்னர் இங்கிலாந்திலும் பின்பற்றப்பட்டது.

இடம் கிடைக்காத ஈடுபாட்டினால் துன்பம் விளைவதும் உண்டு. நியூயார்க் நகரில், சுரங்க ரயில் பாதைகள் அனைத்தையும் பாலப் பருவத்திலேயே மனத்தில் பதித்துக்கொண்டு, ரயில் ஊழியர்களோடு பழகி அவர்களிடமே தொழிலையும் கற்ற ஒரு சிறுவன், 1981-இல் தன் பதினைந்தாம் வயதில் பயணிகள் நிறைந்த ரயில் ஒன்றை உலக வர்த்தக மையம் வரை தானே ஓட்டிச் சென்றான். எவருக்கும் தீங்கு நேரவில்லை. அஸ்பெர்கர் இயல்பினர் என்று பிற்காலத்தில் கண்டறியப்பட்ட அவர், ரயில்களையும் பஸ்களையும் உரிமையின்றி ஓட்டியதற்காக ஏறத்தாழ முப்பது முறை கைது செய்யப்பட்டு, வாழ்நாளில் பல ஆண்டுகளைச் சிறையில் கழிக்க நேர்ந்தது. தொழிலறிவு நிரம்பிய அவருக்கு அத்தொழிலில் ஒரு வேலை கொடுக்கப்படவே இல்லை.

சில ஈடுபாடுகள் ஆயுள் முழுதும் நீடிக்கின்றன. சில, சில மாதங்களில் எவ்வித முன்னறிவிப்புமின்றி மறைந்து வேறொன்றுக்கு இடம் விடுகின்றன. ஒன்று போய் மற்றொன்று வருவது இயல்பே. அவ்விடைக்காலத்தில் நிலைகொள்ளாத வெறுமை தோன்றினாலும் அது பெரும்பாலும் தானே தீரும். ஆனால் எதிலும் மனம் செல்லாமல், நெடுநாள் பேணிய தொகுப்பும் தூசி படிந்து கிடக்குமானால், அது மனச்சோர்வு நோயின் அடையாளமாக இருக்கக்கூடும். அஸ்பெர்கர் இயல்பினரின் முகத்தில் துயரம் எளிதில் வெளிப்படாதாதலால், இவ்வியல்பை நன்கு அறிந்த வைத்தியர்கள் அவர்களுடைய உறக்கத்தையும் உணவையும் பற்றி வினவுவதோடு, அவர்கள் ஈடுபாட்டின் நிலையையும் தவறாது கேட்டறிகிறார்கள்.