அரிசி தோட்டத்தில், காரம் நானா கடையில்

நமது வணிக வரலாற்றை எழுத உட்கார்ந்தால் பேனா தானாகவே பேருவளைக்கும் காலிக்கும் போய்விடுகிறது. அறபுக் கப்பல்கள், இரத்தினக்கல், கறுவா, புறக்கோட்டை மொத்த வியாபாரம் என்று நிறையவே எழுதிவிட்டோம். கண்டியிலே சித்திலெப்பை 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கியதும், 1885இல் 'அசன்பேயுடைய கதை' வந்ததும் உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கே மனப்பாடம். ஆனால் மலைநாட்டுக் கடைத்தெருக்களில் மாசியும் செத்தல் மிளகாயும் மண்ணெண்ணெயும் ஒரே கூரையின் கீழ் விற்ற சில்லறைக் கடைக்கு நம்மிடம் ஒரு பக்கம்கூட ஒழுங்காக இல்லை. நம்மில் எத்தனை பேருடைய மூத்தாப்பாமார் அந்தக் கடைகளில் நின்றவர்கள் என்று எண்ணிப் பார்த்தால் இந்தக் குறை கொஞ்சம் வெட்கமாகவே இருக்கிறது.

நான் படிப்பிக்கிற கந்தப்பளையை வைத்தே பேசுகிறேன். நுவரெலியாவிலிருந்து இராகலைக்குப் போகும் வழியில் ஆறாயிரம் அடிக்கு மேலே இருக்கிற சிறு நகரம் இது. பார்க், கோட்லோஜ், கொங்கோடியா, ஹெதர்செட் என்று சுற்றிவரத் தோட்டங்கள். ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலை 1973இல் மூடப்பட்டு 1996இல் ஹோட்டலாயிற்று. அந்தக் கட்டடத்தின் கதை உல்லாசப் பயணிகளுக்கான நூல்களில் எல்லாம் வருகிறது. தோட்டத்துச் சனம் வாரா வாரம் இறங்கி வந்த கடைத்தெருவின் கதை எந்த நூலிலும் வருவதில்லை.

இந்தக் கடைகளுக்கு ஆட்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பதற்கு உறவுச்சொல்லே பாதி விடை சொல்லும். கடைக்காரரைத் தோட்டத்து மக்கள் சில இடங்களில் 'காக்கா' என்றும் சில இடங்களில் 'நானா' என்றும் கூப்பிடுவார்கள். இரண்டுமே மூத்த சகோதரனைக் குறிக்கும் சொற்கள்தான். காயல்பட்டினம், கீழக்கரைப் பக்கத்தில் 'காக்கா' வழக்கு. இலங்கையின் மேற்கிலும் மத்திய மலைநாட்டிலும் நம்மவர் 'நானா' என்பர். (கிழக்கிலும் காக்காதான், அது வேறு கதை.) கோப்பிக் காலத்திலிருந்தே தென்னிந்தியக் கரையிலிருந்து வந்த வியாபாரிகளை அரசாங்க ஏடுகள் கரையோரச் சோனகர் என்று தனியாகப் பதிந்தன. அவர்களோடு கண்டி, கம்பளை, மாவனெல்லைப் பக்கத்து இலங்கைச் சோனகரும் மலையேறினார்கள். இரண்டு கூட்டமும் பள்ளிவாசலில் ஒரே ஸஃப்பில் நின்றாலும், கடைத்தெருவில் கொஞ்சம் உரசிக்கொண்டதும் உண்டு.

சாமான் மலையேறிய வழியையும் பார்க்க வேண்டும். அகலப்பாதை ரயில் 1885இல் நானுஓயாவை அடைந்தது. அங்கிருந்து நுவரெலியா வழியாக இராகலை வரைக்கும் இரண்டரை அடி அகலத் தண்டவாளத்தில் உடப்புசல்லாவைச் சிற்றகலப் பாதை 1903, 1904ஆம் ஆண்டுகளில் திறக்கப்பட்டது. கந்தப்பளைக்கும் ஒரு நிலையம் கிடைத்தது. பாதை போட்டது துரைமாரின் தேயிலைப் பெட்டிக்காகத்தான். ஆனால் கீழே இறங்கின வண்டி வெறும் வண்டியாக மேலே ஏறாது அல்லவா? அரிசியும் பசளையும் ஏறின. மாலைதீவு மாசியும் தென்னிந்திய வெங்காயமும் தாழ்நிலத்துத் தேங்காயும் இந்த மலைக்கு மலிவாக வரத் தொடங்கியதில் அந்தச் சின்ன ரயிலுக்குப் பெரிய பங்கு உண்டு. 1940களில் பாதை மூடப்பட, லொறிக் காலம் வந்தது.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். தோட்டத் தொழிலாளியின் பிரதான உணவான அரிசியைக் கடைக்காரர் விற்கவில்லை. பர்மாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் வந்த அரிசியைத் தோட்ட நிருவாகமே அளந்து கொடுத்து, அதன் விலையைச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டது. வயிற்றின் சாவி துரையின் கையில். சோற்றுக்கு மேலே ஊற்றுவதற்கும் தொட்டுக்கொள்வதற்கும் வேண்டியதுதான் கடையிலிருந்து போனது. மிளகாய், கொத்தமல்லி, புளி, கருவாடு, நெத்தலி, நல்லெண்ணெய், வெற்றிலை பாக்கு, பிள்ளைக்கு ஒரு இனிப்பு. தோட்டத்துக்குள்ளேயே பெரிய கங்காணிமார் வைத்திருந்த கடைகளும் இருந்தன. அங்கே வாங்குகிறவன் யாரிடம் வேலைக்குக் கடன்பட்டானோ அவரிடமே சாப்பாட்டுக்கும் கடன்படுவான். ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால் கடன் தொகை குறித்த 'துண்டு' வேண்டும். அந்தத் துண்டு முறை 1921இல்தான் சட்டப்படி ஒழிந்தது. ஞாயிற்றுக்கிழமை நகரத்துக்கு இறங்கி நானா கடைக்குப் போவது இந்த வட்டத்துக்கு வெளியே ஒரு கால் வைப்பது போன்றது. கங்காணி பார்க்காத ஒரு கொப்பியில் பெயர் ஏறும், அவ்வளவுதான். ஆனாலும் அது சிறிய காரியமில்லை.

துரைமாருக்கு வேறு கடை. நுவரெலியாவில் கார்கில்ஸ் மாளிகை பிஸ்கட்டும் சீமைச் சரக்கும் வைத்திருந்தது. ஒரே மலையில் இரண்டு பசிகளுக்கு இரண்டு கடைகள்.

கொப்பி என்றேனே, அதுதான் எனக்கு இந்தக் கட்டுரையின் மையம். கடன் கொப்பி இல்லாமல் தோட்டப்புறத்தில் சில்லறைக் கடை கிடையாது. சம்பளம் மாதம் பத்தாம் திகதி. பதினைந்தாம் திகதிக்குள் கை காய்ந்துவிடும். பிறகு அடுத்த பத்து வரை அடுப்பெரிவது கொப்பியால்தான். 'நானா, எழுதிக்கங்க' என்ற இரண்டு சொல்லில் ஒரு பொருளாதாரமே நடந்தது. திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் எது என்று கேட்டால் மத்ரஸாப் பிள்ளையும் சொல்லும்: 2:282, கடனை எழுதிவைப்பது பற்றிய வசனம். அதற்கு இரண்டு வசனத்துக்கு முன்னால், கஷ்டப்படுகிற கடனாளிக்கு அவகாசம் கொடுக்கச் சொல்லியிருக்கிறது. நம் கடைக்காரரின் கொப்பி இந்த இரண்டு கட்டளைகளுக்கும் நடுவில் நின்ற ஒன்று. பழைய தலைமுறையில் சிலர் கணக்கை அறபுத்தமிழிலேயே எழுதினார்கள். அறபுத்தமிழ் என்றால் ஞானப்பாடலும் மவ்லிதும் மாத்திரமே என்று நினைக்கிற ஆய்வாளர்கள் மிளகாயும் மண்ணெண்ணெயும் அந்த எழுத்தில் எப்படி இருக்கின்றன என்று பார்க்க வேண்டும்.

இனிக் கொஞ்சம் கசப்பான விஷயம். நம்மவர் எழுதுகிற ஊர் வரலாறுகளில் 'தோட்ட மக்களுக்குக் கடன் கொடுத்து வாழவைத்தோம்' என்று ஒரு வரி தவறாமல் வரும். கொடுத்தது உண்மை. என்ன விலைக்குக் கொடுத்தோம் என்பதையும் எழுத வேண்டாமா? கைக்காசு விலை ஒன்று, கொப்பி விலை ஒன்று என்பது மலையகத்தில் யாருக்கும் தெரியாத ரகசியமல்ல. கடன் விலை கூடுதலாக இருப்பதைப் பெரும்பாலான இமாம்கள் ஆகுமென்பர். ஆனால் அந்த விலை விற்கும்போதே பேசி முடிந்திருக்க வேண்டும். தவணை தப்பியது என்று பிறகு ஏற்றினால் அது வட்டி. எழுத வாசிக்கத் தெரியாத ஒரு தொழிலாளிக்கு முன்னால் எத்தனை தடவை விலை வாய்விட்டுச் சொல்லப்பட்டது? எத்தனை தடவை கொப்பியில் மட்டும் ஏறியது? அளவையில் மோசம் செய்பவர்களைப் பற்றித் தனி சூராவே இருக்கிற ஒரு சமுதாயம் இந்தக் கேள்வியைத் தனக்குத் தானே கேட்டுக்கொள்ளத் தயங்கக் கூடாது. எல்லாரும் அப்படி என்று நான் சொல்லவரவில்லை. நோன்பு காலத்தில் கொப்பியில் சில பெயர்களுக்கு நேரே கோடிழுத்து மன்னித்தவர்களும் இதே தெருவில்தான் இருந்தார்கள். இரண்டும் எழுதப்பட்டால்தான் வரலாறு.

1942இல் பர்மா யப்பானியர் கைக்குப் போனதும் அரிசி வரவு நின்றது. பங்கீட்டு முறை வந்தது, கூட்டுறவுக் கடைகள் வந்தன, லயத்து அடுப்பில் கோதுமை மா ரொட்டி இடம்பிடித்தது. இன்று மலையகத்தின் மரபுணவு என்று நாம் சொல்கிற தேங்காய் ரொட்டிக்கும் சம்பலுக்கும் பின்னால் ஒரு போர் இருக்கிறது. அரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏறியபோது 1953 ஓகஸ்ட் 12இல் நாடே ஹர்த்தால் செய்தது. 1973, 74 பஞ்சம்தான் தோட்டங்களைக் கடுமையாகத் தாக்கியது. ஒரு பிரதேசத்திலிருந்து இன்னொன்றுக்கு அரிசி கொண்டுபோகத் தடை. வழி நெடுகச் சோதனை. தோட்டங்களில் மரணங்கள் நடந்தன. அந்த இரண்டு வருடத்துக் கொப்பிகள் கிடைத்தால், அவற்றில் எந்தச் சாமான்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகின்றன என்பதைப் பார்த்தே பட்டினியின் திகதியைக் குறிக்கலாம். முதலில் மாசி நிற்கும். பிறகு எண்ணெய். கடைசியில் உப்பும் மண்ணெண்ணெயும் மட்டும் மிஞ்சும்.

அப்படி ஒரு கொப்பியை நான் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். இது எழுபதுகளின் பிற்பாதியைச் சேர்ந்தது. கடையை மூடிய ஒரு குடும்பத்தின் பரணில் கிடந்தது. அதில் என்னை நிறுத்தியது விலைகளல்ல. சில பெயர்களுக்கு நேரே, கணக்கு முடியாமலே, 'இந்தியா' என்று ஒரு சொல். அதற்குக் கீழே ஒன்றுமில்லை. 1948 பிரஜாவுரிமைச் சட்டம் இவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் பிரித்தது. மீந்த 150,000 பேரை 1974இல் பாதி பாதியாகப் பங்கிட்டார்கள். அந்த எண்களை நான் வகுப்பில் கரும்பலகையில் எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். தலைமன்னாரில் கப்பலேறின ஒரு குடும்பம் ஒரு சில்லறைக் கடையின் கணக்கில் எப்படி முடிகிறது என்பது அந்த ஒரு சொல்லில்தான் எனக்கு விளங்கியது. கடைக்காரர்களில் பலரும் அதே நிலைதான். கரையிலிருந்து வந்தவர்கள் தற்காலிக வதிவிட அனுமதிக்காக அலைந்து, கடைசியில் கடையை உறவினருக்கோ வேலைக்கு நின்ற பையனுக்கோ விட்டுவிட்டு ஊர் திரும்பினார்கள். 'காக்கா கடை' என்ற பெயர் மட்டும் தங்கிவிட்டது. உள்ளே இருப்பவர் நானா.

கடையின் திசை மாறியதும் ஏறக்குறைய இதே காலத்தில்தான். அதுவரை கடை என்பது வெளியிலிருந்து வந்ததை உள்ளே விற்கிற இடம். சாமுவேல் பேக்கர் 1848இல் நுவரெலியாவில் பண்ணை தொடங்கிய நாளிலிருந்தே சீமை மரக்கறி இந்த மண்ணில் விளைந்தாலும், அது துரை மேசைக்கும் கொழும்புக்கும் போன பயிர். அறுபதுகளின் பிற்பகுதியில் உருளைக்கிழங்கு இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டதும் கந்தப்பளைப் பக்கத்தில் கிழங்கு காசானது. சீத்தாஎலிய ஆராய்ச்சி நிலையத்தின் விதைக்கிழங்கைத் தேடி ஆட்கள் அலைந்தார்கள். லயத்துக்குப் பின்னால் இருந்த துண்டு நிலத்தில்கூடக் கரட்டும் லீக்ஸும் கோவாவும் போஞ்சியும் வந்தன. விதைக்கும் பசளைக்கும் கடன் கொடுக்க யார் இருந்தார்? அதே நானா. விளைந்ததை மூட்டை கட்டி யாரிடம் கொண்டுவந்தார்கள்? அதே கடைக்கு. கடைக்காரர் கொஞ்சத்தை வாசலில் கொட்டி ஊருக்குள் விற்றார். மீதியை லொறியில் மெனிங் சந்தைக்கு அனுப்பினார். இப்போது கொப்பியில் இரண்டு பக்கம் வேண்டியிருந்தது. ஒரு பக்கம் வாங்கின சாமான், மறு பக்கம் கொடுத்த மரக்கறி. வாடிக்கையாளர் முதல் தடவையாகக் கடைக்காரருக்கே கொடுக்கிறவரானார். இதை நான் பெரிய மாற்றம் என்றே மதிக்கிறேன். கடன் பத்தாம் திகதிச் சம்பளத்தால் மட்டுமல்லாமல் லீக்ஸ் மூட்டையாலும் தீர்ந்தது. எடையும் தரமும் கழிவும் பற்றிய புதுச் சண்டைகளும் கூடவே வந்தன. 'இருபது கிலோ கரட்டில மண்ணே ரெண்டு கிலோ' என்று நானாவும், 'தராசப் பாத்து வைங்க' என்று மறுதரப்பும் சொல்கிற பேச்சை இன்றும் கேட்கலாம்.

1996இல் உருளைக்கிழங்கு இறக்குமதி மறுபடியும் திறந்தபோது அந்த வளம் குறைந்தது. பிறகு பெரிய நிறுவனங்கள் வந்தன. கார்கில்ஸ் 1999இல் ஹங்குரன்கெத்தையில் விவசாயிகளிடம் நேரடியாகக் கொள்வனவு தொடங்கியது. தோட்டத்து மரக்கறியை இடைத்தரகரில்லாமல் வாங்குவது புதுமை என்று பத்திரிகைகள் எழுதின. பொருளாதார மத்திய நிலையங்களும் வந்தன. 2021இல் இரசாயனப் பசளைக்கு மே மாதம் போட்ட தடை நவம்பரில் எடுபட்டதற்குள் ஒரு போகம் போய்விட்டது. அடுத்த வருடத்து நெருக்கடியில் கடன் கொப்பிகள் திரும்பவும் தடித்தன. சுப்பர் மார்க்கட்டில் யாரும் எழுதிக்கொள்வதில்லையே.

முஸ்லிம்கள் மீது கோபம் மூண்ட போதெல்லாம் முதலில் அடிபட்டதும் கடைதான். 1915 கலவரம் கண்டியில் தொடங்கி ஐந்து மாகாணங்களுக்குப் பரவியது. நாலாயிரத்துக்கு மேற்பட்ட கடைகள் சூறையாடப்பட்டன. கரையோரச் சோனகரின் சில்லறை வியாபாரத்தின் மீதிருந்த பொறாமை அதற்கு ஒரு காரணம் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். 2018 மார்ச்சில் திகனையிலும் கடைகள் எரிந்தன. 2019 ஏப்ரலுக்குப் பிறகு எங்கள் கடைகளில் வாங்காதீர்கள் என்ற பிரசாரம் நடந்தது. கடை எரிந்தால் கொப்பியும் எரியும். ஆனால் நமது கொப்பிகளில் பெரும்பாலானவை நெருப்பில் போனவையல்ல. மிளகாய்ச் சுருளாகவும் பழைய பேப்பர்காரரின் சாக்கிலும் போனவை. நெருப்புக்கு நாம் பொறுப்பில்லை, சாக்குக்கு நாமே பொறுப்பு.

இந்தச் சஞ்சிகையை வாசிக்கிறவர்களில் இராகலை, வலப்பனை, அட்டன், பதுளைப் பக்கத்துக் கடைக்காரக் குடும்பங்கள் கட்டாயம் இருப்பீர்கள். நோன்புக்கு முன்னால் வீடு ஒதுக்கும்போது பழைய கொப்பி அகப்பட்டால் விற்றுவிடாதீர்கள். கைத்தொலைபேசியில் பக்கம் பக்கமாகப் படம் எடுத்தாலே போதும். கடன்பட்டவர்களின் பெயர்களை அச்சில் போட வேண்டியதில்லை, அது அவர்களின் மானம். சாமான், அளவு, விலை, திகதி, தோட்டத்தின் பெயர், ஓரத்தில் கிறுக்கின குறிப்பு இவ்வளவும் வேண்டும். அறபுத்தமிழில் இருந்தால் வாசிக்க முடியவில்லை என்று ஒதுக்காமல் அதை முதலில் எடுங்கள். வாசித்துத் தர இன்னும் சில பெரியவர்கள் ஹயாத்தோடு இருக்கிறார்கள். அவர்களுக்கும் எண்பது தாண்டிவிட்டது.